ஈயத்துக்கு அடங்காத கதிர்

எக்ஸ்ரே அறையில் ஈய ஏப்ரான் போட்டால், டோஸ் பேட்ஜை அதற்கு உள்ளேதான் மாட்ட வேண்டும். வெளியே மாட்டினால் ஏப்ரான் வாங்கியதைத்தான் அது சொல்லும். பேட்ஜைத் திறந்தால் சின்ன உலோகத் தகடு, அதில் மூன்று வில்லைகள்: டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போகும். அங்கே சூடாக்கியதும், வாங்கிய கதிருக்கு ஏற்ப ஒளிவிடும்.

ஏலத்தோட்டத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்து வந்த கம்பத்து அக்கா ஒருத்தர் கேட்டார்: "எனக்கு ஒண்ணும் ஆகாதுங்குற, நீ மட்டும் ஏன் தம்பி செவுத்துக்குப் பின்னாடி ஓடுற?"

"உங்களுக்கு ஒரு படம்க்கா. எனக்கு நாள் பூரா."

கதிர் வேலையில் கணக்கே சேர்மானம்தான். எங்களுக்கு உச்சவரம்பு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவெர்ட். ஒழுங்காக வேலை செய்தால் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டோம். 2025இல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளியில் இருந்தது இருபது நாள். விண்வெளி நிலையத்தில் நாளொன்றுக்கு அரை மில்லிசீவெர்ட்டுக்கு மேல் ஏறும் என்பதால், எங்கள் ஓராண்டு வரம்பில் பாதியை அவர் அதற்குள் வாங்கியிருப்பார். செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி ஊர்தி வழியில் அளந்தது நாளுக்கு 1.8. போய்வர மட்டும் 660 ஆகும். நாசா ஒருவரின் பணிக்காலம் முழுமைக்கும் வைத்த வரம்பே 600.

நேரத்தைக் குறை, தள்ளி நில், மறைத்துக்கொள். எங்களுக்குச் சொல்லித்தந்த மூன்று பாடம் இவை. விண்வெளியில் தள்ளி நிற்க இடமில்லை. கதிர் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. பயணத்தையும் இஷ்டத்துக்குச் சுருக்க முடியாது. மறைப்புதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அண்டக்கதிரில் பெரும்பகுதி புரோட்டான், கொஞ்சம் இரும்பு அணுக்கருவும் உண்டு. இவை ஈயத்தில் மோதினால், சம்மட்டி பட்ட கருங்கல்லில் சில்லு தெறிப்பதுபோல நியூட்ரானும் மற்றதும் தெறிக்கும். மெல்லிய ஈயம் நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும். ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீரும் பாலிஎத்திலீனும்தான் தேவலை.

முழுசாகத் தடுக்க மலை வேண்டும். போடி பக்கம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மலை கேட்டதும் அதற்குத்தான். அண்டக்கதிரின் மிச்சமான மியூவான்களை வடிகட்ட, எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை தேவைப்பட்டது. (எதிர்ப்பில் திட்டம் நின்றது தனிக்கதை.)

இரும்புக்கரு ஒன்று செல்லுக்குள் புகுந்தால் டி.என்.ஏ.வின் இரண்டு இழையையும் சேர்த்து அறுக்கும். புற்றுநோய், கண்புரை, இதயக்கோளாறு, மூளைப் பாதிப்பு என்று கவலைகள் நீள்கின்றன. கனத்த துகள்களை எங்கள் வகை வில்லையும் குறைத்தே காட்டும். அதனால் நிலையத்தில் பிளாஸ்டிக் தகடும் கூட வைப்பார்கள். அதைக் காரத்தில் ஊறவைத்தால் துகள் போன தடம் குழியாகத் தெரியும்.

2022இல் நாசாவின் ஆர்ட்டெமிஸ்-1 கலம் நிலவைச் சுற்றியபோது ஹெல்கா, ஸோஹர் என்ற இரு பெண் உடல் பொம்மைகள் போயின. ஸோஹருக்கு மட்டும் பாலிஎத்திலீன் அங்கி. சூரியப் புயலுக்கு அது உதவும். விண்மீன் வெளியிலிருந்து வரும் கதிருக்குப் பெரிதாக உதவாது. எலும்பு மஜ்ஜையும் சூலகமும் இருக்கும் இடத்தில் அங்கி தடிமனாக இருக்கும். உடலெங்கும் ஆயிரக்கணக்கான அளவிகள், அங்கிக்கு உள்ளேதான்.