சிந்தனை மீட்சி

பாடம் முடிந்தபின் ஆசிரியர் தம் நாள் பாடத்திட்டத்தின் அடியில் எழுதும் சில வரிகளுக்குத் தமிழ்ப்பள்ளிகளில் ‘சிந்தனை மீட்சி’ என்று பெயர். நடந்ததை மனத்தில் மீட்டுப் பார்த்து, நிறைகுறை உணர்ந்து, அடுத்த பாடத்தைச் செம்மைப்படுத்துவதே அதன் நோக்கம். எண்ணிப் பார்க்கும் சிந்தனையின் இயல்பை அமெரிக்கக் கல்வியறிஞர் ஜான் டூயி 1910ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதினார். தொழிலைச் செய்துகொண்டே அதனை ஆராயும் முறையை டொனால்ட் ஷோன் 1983இல் விரித்துரைத்தார். இன்று பள்ளிகளில் பயிற்சி பெறவரும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இது கட்டாயப் பணியாகிவிட்டது. கட்டாயமானது சடங்காகிவிடுவதும் உலக இயல்பே.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பள்ளி ஒன்றிற்கு நகரத்தில் வளர்ந்த மாணவி ஒருத்தி பயிற்சிக்கு வந்தாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் அறிந்ததைக் கொண்டே கற்பிக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்துடன், பால்மரத்தைப் பற்றிய பாடத்தை ஆயத்தம் செய்தாள். படத்தைக் காட்டி, “இஃது என்ன மரம்?” என்று கேட்டாள். வகுப்பு அமைதியாக இருந்தது. ஒரு சிறுவன் மட்டும், “பாட்டிக்குத்தான் தெரியும், டீச்சர்” என்றான்.

அன்று அவள் எழுதிய சிந்தனை மீட்சி இது: ‘14 மாணவர்களுள் 11 பேர் பாட நோக்கத்தை அடைந்தனர். மூவருக்குக் குறைநீக்கல் பயிற்சி வழங்கப்படும்.’

வழிகாட்டி ஆசிரியர் ஏட்டைப் படித்துவிட்டு, “அந்த மூவர் யார், அம்மா?” என்று கேட்டார். அவளால் பெயர் சொல்ல இயலவில்லை. நெடுநேரம் கழித்து, “உண்மையை எழுதினால் மேற்பார்வைக்கு வரும் விரிவுரைஞர் புள்ளிகளைக் குறைத்துவிடுவாரே, ஐயா” என்றாள்.

அவளுடைய அச்சம் பொய்யன்று. குறையை ஒப்புக்கொள்வோருக்குக் குறைந்த புள்ளியும், மறைப்போருக்கு நிறைந்த புள்ளியும் கிடைக்குமாயின், பயிற்சிக் காலத்திலேயே பொய்யெழுதப் பழக்குகிறோம் என்பதே பொருள். அவ்வாறு பழகிய கை, பணியில் அமர்ந்த பின்னும் அந்த ‘மூவரை’ எழுதிக்கொண்டே இருக்கும். இழப்பு பிள்ளைகளுக்கே.

அன்றிரவு அவள் மீண்டும் எழுதினாள். பள்ளியைச் சுற்றிலும் செம்பனையே நிற்பதைத் தான் நாள்தோறும் கண்டும் கருதாமல் போனதையும், பெற்றோர் பலர் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்வதை அறியாதிருந்ததையும், தன் மனத்தில் இருந்த பழைய தோட்டத்திற்கே பாடம் நடத்தியதையும் மறைக்காமல் எழுதினாள். அந்த ஒரு பக்கத்தில் புள்ளிவிவரம் எதுவும் இல்லை.

மறு வாரம் அவளுடைய வேண்டுகோளின்படி அச்சிறுவன், பாட்டி பால் சேகரித்த மங்கு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தான். பாட்டியிடம் கேட்டறிந்ததை அவனே சொன்னான்: விடியுமுன் எழுந்து, பட்டையைச் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்த கதை. அறியாத மரம் அன்று பதினான்கு பிள்ளைகளுக்கும் பாடமாயிற்று.

மாணவர் குறைந்துவரும் தோட்டப்புறப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் மௌனமும் பெரிய இழப்பாகும். அதனைக் கேட்கவல்ல ஆசிரியரை உருவாக்க வேண்டுமானால், மேற்பார்வையாளர் சிந்தனை மீட்சியில் முதலில் உண்மைக்குப் புள்ளி வழங்குதல் வேண்டும். மூத்த ஆசிரியர்களும் தத்தம் ஏடுகளைத் திறந்து, கடைசியாக எழுதிய வரிகளை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.