நாணலா... தூக்கணாங்குருவியா?

சேலத்துல பஸ் ஏறினா சுமார் ஐம்பது கிலோமீட்டர்ல ஆத்தூர். இறங்கி, அப்படியே கோட்டைப் பக்கம், வசிஷ்ட நதிக்கரைக்கு வந்துடுங்க. செல்போன் கொஞ்ச நேரம் பாக்கெட்லயே இருக்கட்டும். இங்கே ஒரு பட்டிமன்றம்: கெட்டிக்காரர் யாரு, நாணல் புல்லா, தூக்கணாங்குருவியா?

'புல்லையும் குருவியையும் எப்படி பாஸ் ஒப்பிடறது?'னு சிரிக்காதீங்க. ரெண்டு பேருக்கும் நெருக்கம் ஜாஸ்தி.

மழைக்காலம் வந்தா ஆண் குருவிக்கு மஞ்சள் தொப்பி வந்துடும். நாணல், நெல், கரும்புன்னு நீளமான இலை எதுவானாலும் ஓரத்துல ஒரு கடி. நுனியை அலகுல பிடிச்சுக்கிட்டு ஜிவ்வுனு பறந்தா, நாடா மாதிரி நார் உரிஞ்சு வரும். இப்படி நூத்துக்கணக்கான நடை. கூடு பாதி முடிஞ்சதும் பெண் குருவி இன்ஸ்பெக்‌ஷன் வரும். பிடிக்கலையா, கதை முடிஞ்சது. பிடிச்சுட்டா, நீளமான வாசல் குழாயையும் கட்டி முடிச்சுட்டு, தலைவர் பக்கத்துலயே அடுத்த கூடு, அடுத்த ஜோடி! இந்த லீலையை 1931-லயே விவரமா எழுதி வச்சவர் சலீம் அலி. கூட்டுக்குள்ள மின்மினிப்பூச்சியை ஒட்டி லைட் போடும்னு பாட்டி சொல்வாங்களே... உள்ளே களிமண் ஒட்டியிருக்கும், அது மட்டும் நிஜம்.

நாணல் இவ்வளவு சீன் போடாது. வெள்ளம் வந்தா சாயும், வடிஞ்சா எழுந்துக்கும். மண்ணுக்கடியில ஓடற தண்டு கரையைக் கெட்டியா பிடிச்சுக்கும். வெள்ளைப் பூவுல இருக்கற பஞ்சு விதை காத்துல கிளம்பிடும், பறக்கறது குருவி மட்டும் இல்லை! இன்னொண்ணு தெரியுமா? 1912-ல தொடங்கின கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல பார்பரும் வெங்கட்ராமனும் கரும்போட நாணலைக் கலந்து உருவாக்கின ரகம்தான் 'கோ 205'. பின்னால வந்த ரகங்கள்லயும் நாணல் சொந்தம் உண்டு. நீங்க குடிக்கற கரும்பு ஜூஸ்ல இந்தப் புல்லுக்கும் பங்கு இருக்கு சாமி.

என் ஓட்டு நாணலுக்குத்தான். குருவி இல்லாட்டியும் புல் முளைக்கும். புல் இல்லாட்டி குருவிக்கு ஏது வீடு?

ஆனா கீழே தண்ணியைப் பாருங்க. 2018-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மாசடைந்த ஆறுகள் லிஸ்ட்ல, நம்ம வசிஷ்ட நதி முதல் வரிசையில. மணிவிழுந்தான்ல இருந்து தியாகனூர் வரைன்னு இடம் குறிச்சே போட்டாங்க. நாணல் சாக்கடையிலயும் சமாளிச்சு நிக்கும். தானியம் தின்னு வளர்ந்த குருவியோ குஞ்சுக்குப் பூச்சி பிடிச்சுத்தான் ஊட்டணும்.

கிணத்தோரப் பனையில கூடு தொங்கறதைப் பார்த்தா, ஷோகேஸுக்குன்னு பிச்சுக்கிட்டு வந்துடாதீங்க. உள்ளே முட்டை இருக்கலாம்.