பாட்டிக்கு ஒரு மடல்

நாங்கள் நாச்சாரத்தில் குடியேறிப் பத்தாண்டுகள் ஆயின. என் மகள் ஆறாம் வகுப்பில் பயில்கிறாள். 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தெலங்கானாப் பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடம். அதனை அவள் செவ்வனே எழுதுகிறாள், எனக்கும் மகிழ்ச்சியே.

சனிக்கிழமைதோறும் வகுப்பில் செயல்வழிப் பயிற்சி ஒன்று உண்டு. சென்ற வாரம், தத்தம் வீட்டு மொழியில் பாட்டிக்கு மடல் எழுதுமாறு ஆசிரியை பணித்தார். மகளோ தமிழ்ச் சொற்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வந்தாள். வாழைப்பழம் அதில் 'வாளைப்பளம்' ஆகியிருந்தது. இன்றைய தெலுங்கு எழுத்தில் ழகரம் வழங்குவதில்லையே!

"பாட்டியால் இதைப் படிக்க முடியுமா, அப்பா?" என்று வினவினாள். நாணித் தலைகுனிந்தேன். குறை பள்ளியினுடையதன்று, என்னுடையது.

அன்று மாலையே 'அ' எழுதத் தொடங்கினோம். மடல் சற்றுத் தாமதமாகவே பாட்டியைச் சென்றடையும். ஆயினும் ழகரத்தோடு சென்றடையும்.