ஓர் இருக்கை வேண்டும்

ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு: ஈ, தா, கொடு. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவர் ‘ஈ’ என்பார். தனக்கு ஒத்தவரிடம் கேட்பவர் ‘தா’ என்பார். தன்னைவிடத் தாழ்ந்தவரிடம் கேட்பவர் ‘கொடு’ என்பார். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கூறும் வேறுபாடு இது. இன்றைய பேச்சில் இவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. ‘ஈ’ என்றால் பலருக்குப் பூச்சிதான் நினைவுக்கு வரும். ஆனாலும், கேட்பவர் எந்த இடத்தில் நின்று கேட்கிறார் என்னும் கேள்வி மட்டும் மறையவில்லை. அதை நான் நன்றாக உணர்ந்தது இலக்கண வகுப்பில் அல்ல, கூச்சிங் விமான நிலையத்தில்.

பாடத்திட்டம் தொடர்பான மூன்று நாள் பயிலரங்கு ஒன்றை நடத்த, சக அதிகாரி ஒருவருடன் நான் சரவாக்கிற்குச் சென்றிருந்தேன். மூன்றாம் நாள் மாலை மணி 5.50-க்கு எங்களுக்குத் திரும்பும் விமானம். அதற்கு முந்திய இரவு, மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும், சிரம்பானிலிருந்து அத்தை மகன் அழைத்தான்.

“அக்கா, அம்மா போயிட்டாங்க.”

சிறிது நேரம் இருவருமே பேசவில்லை. பிறகு அவனே, “நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம். உங்களால வர முடியுமா?” என்று கேட்டான்.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது என் தாயார் இறந்துவிட்டார். அதன்பின் என்னை வளர்த்தவர் அத்தைதான். சிரம்பானுக்கு அருகில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் சீவினார். விடியுமுன் எழுந்து, எங்கள் இருவருக்கும் சோறு கட்டி வைத்துவிட்டு, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால், என் தேர்ச்சி அறிக்கையில் சிவப்பு மையில் எழுதிய எண் இருந்தால் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்.

கூச்சிங்கிற்கும் சிரம்பானுக்கும் இடையே தென்சீனக் கடல் இருக்கிறது. இரவோடு இரவாகக் காரை எடுத்துக்கொண்டு புறப்பட வழியில்லை. கூச்சிங்கிலிருந்து செப்பாங்கில் உள்ள கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திற்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். மாலை விமானத்தில் வந்தால் நான் தரையிறங்கும்போதே இரவாகிவிடும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

கைப்பேசிச் செயலியைத் திறந்தேன். காலை மணி 7.00 விமானத்தில் இடமில்லை. நண்பகல் மணி 12.05 விமானத்திலும் இடமில்லை. வார இறுதியோடு பள்ளி விடுமுறையும் தொடங்கவிருந்ததால் மற்ற நிறுவனங்களின் விமானங்களும் நிரம்பியிருந்தன. என்னிடம் இருந்ததோ மலிவு விலைச் சீட்டு. ‘இச்சீட்டில் மாற்றம் செய்ய இயலாது’ என்று செயலி ஒரே வரியில் சொல்லிவிட்டது.

இதில் நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே விமானத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பார்கள். அதிக விலை கொடுத்தவர் இருக்கையோடு சேர்த்து, மனம் மாறும் உரிமையையும் வாங்கியிருக்கிறார். குறைந்த விலை கொடுத்தவர் அந்த உரிமையை விட்டுக்கொடுத்து விலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். நம் நாட்டில் விமானப் பயணிகளுக்கான பாதுகாப்பு நெறிமுறை 2016-ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணிகளுக்கு உணவு வழங்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அது நிறுவனம் நேரம் தவறும்போது நமக்குத் துணை நிற்கிறது. நம் தேவைக்காக நேரத்தை மாற்றிக் கேட்கும்போது, நாம் வாங்கிய சீட்டின் விதிதான் பேசும்.

ஆனால், இருக்கைகளைப் பற்றி இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. விற்றுத் தீர்ந்த விமானம் எப்போதும் நிறைந்த விமானம் ஆகாது. பாதி வழியில் காரில் சக்கரம் வெடித்தவர், காய்ச்சலில் படுத்துவிட்டவர், கூட்டம் முடியாமல் அகப்பட்டுக்கொண்டவர் என்று வராமல் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் வரவில்லை என்பது பயணப் பதிவு முகப்பை மூடிய பிறகே உறுதியாகும். பெரும்பாலும் விமானம் புறப்பட ஒரு மணி நேரத்திற்கு முன்னர் அம்முகப்பை மூடுவார்கள். விமானத்தின் கதவு சாத்தப்பட்டுவிட்டால் வெற்று இருக்கை யாருக்கும் பயன்படாது. அந்த இடைப்பட்ட நேரத்தில் மட்டும் அதற்கு ஒரு விலை உண்டு. அது செயலியில் தெரியாது. முகப்புக்கு அப்பால் நிற்கும் மனிதருக்குத்தான் தெரியும்.

ஆகவே, காலை மணி 6.30-க்கே விமான நிலையத்தில் இருந்தேன். பயிலரங்கின் கடைசி அங்கத்தைச் சக அதிகாரி தாமே நடத்துவதாகச் சொல்லிவிட்டார். பெட்டியையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டுத் தோள்பை ஒன்றோடு மட்டும் வந்திருந்தேன். சரக்கறையில் பெட்டியை ஏற்ற வேண்டிய பயணியைக் கடைசி நிமிடத்தில் விமானத்தில் சேர்ப்பது கடினம். கையை வீசிக்கொண்டு வருபவரைச் சேர்ப்பது எளிது.

முகப்பில் இருந்தவர் ஓர் இளைஞர். திரையைப் பார்த்தார். செயலி சொன்னதையே அவரும் சொன்னார். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் சற்று முன்புதான் அவரிடம் குரலை உயர்த்திவிட்டுப் போயிருந்தார். ‘கொடு’ என்ற தொனி அது. அந்தத் தொனிக்கு அந்த இளைஞரிடம் ஒரு பதில்தான் இருந்தது: விதி. விதியை அவர் எழுதவில்லை. அதை மாற்றும் பொத்தானும் அவர் கணினியில் இல்லை. இல்லாத ஒன்றை ஒருவரிடம் எத்தனை முறை கேட்டாலும் அவர் எப்படித் தருவார்?

நான் மலாயில் கேட்டேன். மலாயில் ‘தோலோங்’ என்ற சொல் எனக்குப் பிடிக்கும். ‘தயவுசெய்து’ என்பதற்கும் ‘உதவி’ என்பதற்கும் அந்த ஒரே சொல்தான். “தோலோங், இதை முடிவுசெய்யக்கூடியவர் யார் என்று மட்டும் சொல்லுங்கள். நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன்” என்றேன். அவர் முகம் சற்றே தளர்ந்தது. பணிநேர மேற்பார்வையாளர் எட்டு மணிக்கு வருவார் என்றும், அவர் அமரும் முகப்பு எது என்றும் சொன்னார்.

பள்ளியில் நாம் விண்ணப்பக் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். அனுப்புநர், பெறுநர், விளிப்பு, பொருள் என்று எல்லாவற்றுக்கும் இடமும் புள்ளியும் உண்டு. பாடத்திட்டம் எழுதுபவள் என்ற முறையில் அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும், எதிரில் நிற்பவரிடம் அரை நிமிடத்தில் ஒன்றைக் கேட்டு முடிக்கும் பயிற்சிக்கு நாம் எத்தனை பாடவேளை ஒதுக்குகிறோம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி யோசித்தேன். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் மூன்று வாக்கியங்களாகச் சுருக்கிக்கொண்டேன்.

மேற்பார்வையாளர் ஏறக்குறைய என் வயதுடைய பெண்மணி. “என்னிடம் மாலை மணி 5.50 விமானத்திற்கான சீட்டு இருக்கிறது. இன்று மாலை மணி நான்குக்குச் சிரம்பானில் ஓர் இறுதிச் சடங்கு. 12.05 விமானத்தில் யாரேனும் வராவிட்டால் அந்த இடத்தில் என்னைச் சேர்க்க முடியுமா? அதற்கான கட்டணத்தைச் செலுத்துகிறேன்” என்றேன். அத்தை மகன் அனுப்பியிருந்த மருத்துவமனைக் கடிதத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன்.

அவர் கடிதத்தைப் படித்தார். “இறந்தவர் உங்கள் தாயாரா?” என்று கேட்டார்.

குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் அந்நிறுவனத்தில் சலுகை உண்டு. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்கு மட்டும். ‘ஆமாம்’ என்ற ஒரு சொல் போதும். என் மைகாட்டில் தந்தையின் பெயர்தான் இருக்கிறது. தாயின் பெயர் இல்லை. அவரால் சரிபார்க்கவும் முடியாது. அத்தையைத் தாய் என்று சொன்னால் அது பொய்யா என்று என்னோடு நானே வாதாடியிருக்கலாம். ஆனால், அந்தச் சொல்லைச் சொன்னால், எதிரில் இருப்பவரை நம்பி உதவி கேட்பவளாக நான் இருக்க மாட்டேன். அவரை ஏமாற்றி ஒன்றை எடுத்துக்கொள்பவளாகிவிடுவேன்.

“இல்லை. மக் சௌடாரா” என்றேன். மலாயில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அந்த ஒரு சொல் பொருந்தும். அது போதாது என்று தோன்றியதால், “என் தந்தையின் அக்காள். ஏழு வயது முதல் என்னை வளர்த்தவர்” என்று சேர்த்துச் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சலுகை பொருந்தாது என்றார். நான் தலையசைத்தேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “ஆனால், காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கும் அதிகாரம் எனக்கு உண்டு. மாற்றுக் கட்டணமும் சீட்டு விலையின் வேறுபாடும் செலுத்த வேண்டும். இடம் கிடைக்கும் என்று உறுதி தர முடியாது. கிடைக்காவிட்டால் உங்கள் மாலை இருக்கை அப்படியே இருக்கும்” என்றார். நான் செலுத்த வேண்டிய தொகை என் பழைய சீட்டின் விலையைவிட அதிகம். இடம் கிடைத்த பிறகு செலுத்தினால் போதும் என்றார்.

பட்டியலில் என் பெயர் மூன்றாவது. எனக்கு அடுத்து ஓர் இளைஞர் இருந்தார். முழுக்கைச் சட்டையும் மடிப்புக் கலையாத காற்சட்டையும் அணிந்திருந்தார். மடியில் ஒரு கோப்பு.

மணி 11.05-க்கு முகப்பு மூடப்பட்டது. மேற்பார்வையாளர் யாரிடமோ தொலைபேசியில் பேசினார். பட்டியலைப் பார்த்து முதல் இரண்டு பெயர்களை அழைத்தார். பிறகு மீண்டும் தொலைபேசியை எடுத்தார். அந்த இரண்டு நிமிடங்களில் நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. கையில் மைகாட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். மூன்றாவதாக என் பெயரை அழைத்தார்.

நான்காவது பெயர் அழைக்கப்படவில்லை. கட்டணத்தைச் செலுத்திவிட்டுத் திரும்பியபோது அந்த இளைஞர் கோப்பை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய தேவை நேர்முகத் தேர்வா, வேறு எதுவுமா, தெரியாது. என்னுடையதைவிடச் சிறியது என்று சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. பட்டியலில் நான் ஒரு வரி முன்னால் இருந்தேன், அவ்வளவுதான். அவரைப் பார்த்து எதுவும் சொல்லத் தோன்றாமல் நடந்தேன்.

தீபகற்பத்தைச் சேர்ந்தவர்கள் சரவாக்கைவிட்டுப் புறப்படும்போதும் குடிநுழைவு முகப்பில் மைகாட்டைக் காட்ட வேண்டும். அந்த வரிசையிலும் பாதுகாப்புச் சோதனையிலும் நின்று, வாயிலுக்கு ஓடினேன். கடைசி வரிசையில் நடு இருக்கை.

கே.எல்.ஐ.ஏ.-வில் இறங்கி வாடகைக் காரில் ஏறியபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. தாமானுக்குள் வண்டி நுழையும்போதே அத்தை வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரம் தெரிந்தது. மணி மூன்று இருபது. அத்தை மகன் தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தான். எப்படி வந்தேன் என்று அவன் கேட்கவில்லை. “வாங்கக்கா, வாய்க்கரிசி போட உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்” என்று சொல்லி, என் தோள்பையை வாங்கிக்கொண்டான்.