அடி வாங்கும் கருப்பு

ஜனவரி 19, ஞாயிறு

என் தார் ஜீப்பின் சக்கரங்களுக்கு மேலே வளைந்திருக்கும் பிளாஸ்டிக் ஃபிளேர்கள் வெளுத்துப்போய்விட்டன. பின்பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. முன்னால், அதுவும் மேற்கு வெயில் விழும் பக்கம், சாம்பல் பூத்துக் கிடக்கிறது. விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டு வருகிறது. எவ்வளவு கழுவினாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை. புற ஊதாக் கதிர் பாலிப்ரொப்பிலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மேல்தோலில் அறுத்துக்கொண்டே வருகிறது. கருப்புக்காகச் சேர்த்த கார்பன் தூள் அதை ஓரளவுதான் தடுக்கும். அதையும் மீறும்போது மேல்தோல் பொடிந்து, உறுதிக்காகக் கலந்த டால்க் தூள் வெளியே தெரிகிறது.

இதற்கு ஊரில் சொல்லும் வைத்தியம் பல. தேங்காய் எண்ணெய், டேஷ்போர்டு பாலிஷ், ஹாட் ஏர் கன். எண்ணெய் அடுத்த மழை வரைக்கும். சூடான காற்றைக் காட்டினால் பளிச்சென்று கருப்புத் திரும்புவது உண்மைதான். ஆனால் அது உள்ளே மிச்சம் இருப்பதை மேலே இழுத்துச் செலவழிக்கும் வேலை. சில மாதத்தில் மறுபடி வெளுக்கும், ஒவ்வொரு முறையும் திரும்புவது குறையும். எனக்கு நிலைக்கும் பூச்சு வேண்டும். அதுவும் உண்ணிச்செடி முள்ளும் எஸ்டேட் ரோட்டு ஜல்லியும் உரசிப் பார்க்கும் இடத்தில் நிலைக்க வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து பெயிண்டர் அண்ணன் பட்டறைக்குப் போனேன். கோயம்புத்தூரில் அம்பாசிடர் காலத்திலிருந்து ஸ்பிரே கன் பிடிப்பவர். வண்டியைச் சுற்றிவந்து ஃபிளேரின் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“தம்பி, இரும்புக்கு அடிக்கிறதும் இதுக்கு அடிக்கிறதும் ஒண்ணில்லீங்க. அடியில புடிமானம் இல்லீன்னா மேல என்ன அடிச்சாலும் பாம்புச் சட்டையாட்ட உரிஞ்சு வந்துரும்.”

“பம்பருக்கு மட்டும் எப்படிங்கண்ணா நிக்குது? அதுவும் இதே பிளாஸ்டிக்தானே?”

“அது கம்பெனியில நெருப்புக் காட்டி அடிக்கிறாங்க தம்பி. நம்மகிட்ட அந்த ஏற்பாடு இல்லீங்களே.”

அவர் சொன்னதுதான் முழு விஷயமும். தொழிற்சாலையில் பம்பரின் மேல் தீச்சுடரை நொடியில் ஓட்டி எடுப்பார்கள். பிளாஸ்டிக் உருகாது, அதன் தோல் மட்டும் ஆக்ஸிஜனை ஏற்றுக்கொண்டு பெயின்ட்டைப் பற்றும். பட்டறையில் அதற்குப் பதிலாகத்தான் பிளாஸ்டிக் பிரைமர். குளோரின் ஏற்றிய பாலிஓலிஃபின் கலந்த அந்தத் தண்ணி போன்ற திரவம் ஒரு பக்கம் பிளாஸ்டிக்கையும் மறுபக்கம் பெயின்ட்டையும் பிடித்துக்கொள்ளும். தடிமனாக அடித்தால் அதுவே பலவீனம். மெல்லிய ஒரு கோட் போதும்.

ஜனவரி 25, சனி

கழற்றும் நாள். மாஸ்கிங் டேப் ஒட்டி வண்டியிலேயே வைத்து அடித்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூச்சு விளிம்பைச் சுற்றி உள்பக்கம் மடிய வேண்டும். டேப் ஓரத்தோடு பூச்சு நின்றுவிட்டால் தண்ணீர் முதலில் புகும் இடம் அந்த ஓரம்தான். இன்னொன்று, வெயிலில் பாலிப்ரொப்பிலீன் விரிவது இரும்பைவிடப் பல மடங்கு. பிளாஸ்டிக்குக்கும் பாடிக்கும் நடுவே பாலம் போட்டதுபோல் பூச்சு கட்டிக்கொண்டால் முதல் கோடையிலேயே வெடிக்கும்.

கிளிப்புகளை நெம்பி எடுத்ததும் பின்னால் ஈரமண்ணும் மக்கிய சில்வர் ஓக் இலையும் அப்பிக் கிடந்தன. அதற்கடியில் பாடியின் விளிம்பில் துரு துளிர்த்திருந்தது. ஃபிளேருக்குப் பெயின்ட் அடிக்க நினைப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது அதைக் கழற்ற வேண்டும். வெளியே தெரியாமல் இரும்பு கரைவதைவிட பிளாஸ்டிக் வெளுப்பது பெரிய விஷயமே இல்லை. துருவைச் சுரண்டி, பிரைமர் தொட்டு வைத்தேன்.

உள்பக்கம் முனைக்குறிகளுக்கு நடுவே எழுத்துகள் அச்சாகியிருக்கின்றன, தொடக்கம் ‘பிபி’. பாலிப்ரொப்பிலீன்தான், சந்தேகமில்லை. ‘ஏபிஎஸ்’ என்றிருந்தால் வேலை பாதி. அது பெயின்ட்டைத் தானாகவே பிடிக்கும். கடையில் வாங்கி மாட்டும் ஃபிளேர்களில் ஏபிஎஸ்ஸும் உண்டு, ஃபைபர் கிளாஸும் உண்டு. திருப்பிப் பார்க்காமல் டப்பா வாங்கக் கூடாது.

மாலையில் ஷாம்பூ போட்டுக் கழுவி, ஃபிளேரைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். வெயில் படாத உள்பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு விழுந்தது. வெளுத்த வெளிப்பக்கத்தில் பரவி நின்றது, கொஞ்சம் உள்ளேயும் இழுத்தது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். புது பாலிப்ரொப்பிலீனின் பரப்பு ஆற்றல் 30 அளவுதான். அதனால்தான் அது எதையும் அண்டவிடுவதில்லை. வெயிலில் ஆக்ஸிஜன் ஏறிய தோல் ஈரத்தை ஏற்கிறது. ஆனால் அந்தத் தோலை நம்பிப் பூசக் கூடாது. பூச்சு அதைப் பிடிக்கும், அதுவோ அடியில் உள்ள பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்காது.

ஜனவரி 26, ஞாயிறு

தேய்ப்பு. முரட்டு உப்புத்தாள் எடுத்தால் பாலிப்ரொப்பிலீன் மயிர்மயிராகச் சிலிர்த்துக்கொள்ளும். பெயின்ட்டுக்கு மேலேயும் அந்த மயிர் தெரியும். சாம்பல் நிற நார்ப் பட்டையும் சோப்புத் தண்ணீரும் போதும். வெள்ளைத் தூள் வருவது நின்று, உறுதியான கருப்புத் தட்டுப்படும் வரைக்கும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது சிலிக்கான் எடுப்பது. வாட்டர் வாஷ் கடைகளில் கேட்காமலே பூசிவிடும் பளபளப்பில் பெரும்பாலும் சிலிக்கான்தான். தேய்த்த பிறகு துடைத்தால் அது கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பெயின்ட்டில் மீன்கண்ணாகக் குழி விழும். ஒரு துணியில் சிலிக்கான் ரிமூவரை நனைத்துத் துடைத்து, அது காயும் முன்பே மறு கையில் உள்ள உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காயவிட்டால் அழுக்கு இருந்த இடத்திலேயே படிந்துவிடும். இந்த இரண்டு துணி வேலையை அண்ணன் பொறுமையாகச் செய்தார். அவர் விரல் போன இடமெல்லாம் திட்டுகூட இல்லாமல் மங்கலாக, ஒரே சீராக இருந்தது.

உள்பக்கத்தில் ஒரு சோதனை போட்டோம். பாதிக்கு பிளாஸ்டிக் பிரைமர், பாதிக்கு வெறும் பிளாஸ்டிக், இரண்டின் மேலும் ஒரே பெயின்ட். சனிக்கிழமை வரை காயட்டும்.

பிப்ரவரி 1, சனி

பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தோம். பிரைமர் இல்லாத பாதி டேப்போடு ஒரே தோலாக வந்தது. பிரைமர் உள்ள பாதியில் கீறிய கட்டங்கள் கட்டங்களாகவே நின்றன. அண்ணன் அந்த டேப்பை எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தார், வரும் பையன்களுக்குக் காட்டவாம்.

மேல் பூச்சு எது என்பதில் நான் ஆரம்பத்திலேயே முடிவாக இருந்தேன். வண்டி நிறத்தில் பளபளவென்று அடிப்பது நகரத்துக்குச் சரி. பிக்கப் லாரிகளின் சரக்குத் தொட்டிக்குள் அடிக்கும் சொரசொரப்பான பாலியூரத்தேன் பூச்சுதான் எனக்கு வேண்டியது. நான் வாங்கியது ராப்டர். காரணம் உறுதி மட்டும் இல்லை. ஃபிளேர் அடி வாங்குவதற்காகவே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம். டயர் வீசும் கல்லையும் சேற்றையும் அது வாங்காவிட்டால் பாடியும் பின்னால் வருபவரும் வாங்க வேண்டும். எனவே அதன் மேல் போடும் எதுவும் கீறத்தான் போகிறது. பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தால் முழு பேனலையும் அடித்தால்தான் மறையும். சொரசொரப்பில் கீறிய இடத்தை மட்டும் தொட்டுவிட்டால் ஒட்டுப்போட்டது தெரியாது. கல்லிலும் முள்ளிலும் ஓடும் வண்டிக்கு இதைவிட முக்கியமான குணம் ஒரு பூச்சுக்கு வேண்டியதில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

தை மாதக் காலையில் பட்டறைத் தகரத்தில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. பூச்சோடு கலக்கும் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஈரத்தைக் கண்டால் கரியமில வாயுவைக் கக்கும், பூச்சுக்குள் கொப்புளம் கிளம்பும். பத்து மணி தாண்டி, பிளாஸ்டிக் கையில் இளஞ்சூடாகத் தெரிந்த பிறகே தொடங்கினோம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்றடிக்கும்போது இந்த வேலையைக் கோவையில் திறந்த இடத்தில் நினைத்தே பார்க்க முடியாது. புழுதியையும் சேர்த்துத்தான் பூச வேண்டிவரும்.

அண்ணன் வழக்கம்போல் துண்டை எடுத்து மூக்கில் கட்டினார். நான் வாங்கிவந்திருந்த மாஸ்க்கைக் கொடுத்தேன், கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் தூசி ஃபில்ட்டரும் வைத்தது.

“இத்தனை வருசம் இந்தத் துண்டுதானுங் தம்பி.”

“அதுக்காகத்தாங்கண்ணா.”

இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஐசோசயனேட்டுக்குப் பெரிதாக வாசனை கிடையாது, மூக்கு எச்சரிக்காது. நுரையீரல் ஒருமுறை அதனிடம் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும், அந்தத் தொழிலையே விட வேண்டி வரலாம். குழாய் வழியே வெளிக்காற்று தரும் முகமூடிதான் முறையானது. நான் கொடுத்தது குறைந்தபட்சம். நம் ஊர்ப் பட்டறைகளில் அந்தக் குறைந்தபட்சமும் இல்லாமல் துண்டைக் கட்டிக்கொண்டு, ஹார்ட்னர் கலக்கும் டூ-கே பெயின்ட் அடிக்கும் எத்தனையோ பேரை நினைத்தால் வயிறு கலங்குகிறது. வண்டி விடும் நாம்தான் அந்தச் செலவைக் கூலியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், கணக்குப் பார்க்காமல்.

மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஹார்ட்னர். பாட்டிலைக் குலுக்கி, கம்ப்ரஸர் அழுத்தத்தை முதலில் குறைத்து அட்டையில் அடித்துப் பார்த்தார். மணி பெரிதாக விழுந்தது. அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, கன்னைத் தள்ளிப் பிடித்ததும் மணி பொடிந்து நெருக்கமாக வந்தது. “இது போதுமுங்க” என்று தலையை ஆட்டினார். விளிம்புகளை முதலில், உள்மடிப்போடு. பிறகு முகம். கை ஒரே வேகம். முதல் கோட் மெலிதாக, அடியில் இருப்பது தெரியும்படி. அது மங்கிய பிறகு இரண்டாவது.

பிப்ரவரி 9, ஞாயிறு

தொட்டால் ஒட்டாமல் இருப்பதும் முழுசாக இறுகுவதும் வேறு வேறு. ஒரு வாரம் பட்டறையிலேயே தொங்கவிட்டு இன்று மாட்டினோம். உடைந்த கிளிப்புகளுக்குப் புதுசு.

ஜிப்ஸி வைத்திருக்கும் நண்பர் வந்து பார்த்தார். அவருக்கு இதே பூச்சு, ஆனால் அகலமான டயரும் அதை மூட அகலமான ஃபிளேரும் வேண்டுமாம். பூச்சு பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அகலம் பற்றி முதலில் ஆர்.டி.ஓ.வில் கேளுங்கள் என்றேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

மார்ச் 2, ஞாயிறு

வால்பாறை போய்வந்தோம். நாற்பது கொண்டை ஊசிக்கும் பிறகு எஸ்டேட் மண்பாதை, இருபுறமும் உண்ணிச்செடி. கழுவிப் பார்த்ததில் இடது பின் ஃபிளேரின் கீழ்முனையில் கல் பட்ட தடம் ஒன்று, அரிசி அளவு, பிளாஸ்டிக் தெரிகிறது. சுற்றியுள்ள பூச்சை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன், அசையவில்லை. முள் உரசிய கோடுகள் ஈரத்துணியில் போய்விட்டன.

கலக்காமல் மீதி வைத்த பாட்டில் அலமாரியில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை அந்த இடத்தை மட்டும் நார்ப் பட்டையால் உரசி, துடைத்து, பிரைமர் ஒரு தொடல், ஒரு மூடி அளவு கலந்து பஞ்சால் ஒற்றிவிட வேண்டும். ஜிப்ஸிக்காரரையும் அன்றே வரச் சொல்லியிருக்கிறேன், தன் ஃபிளேரின் பின்பக்க எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு. மாஸ்க்குக்குப் புது கார்ட்ரிட்ஜ் இரண்டு ஜோடி வாங்க வேண்டும். ஒன்று அண்ணன் பட்டறையிலேயே இருக்கட்டும்.