கடற்சாமந்தியும் கண்ணாடித் தொட்டியும்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பது வசதிபடைத்தோரின் விநோதம் என்று நண்பர்கள் எம்மைக் கடிந்துகொள்வதுண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. கடலுக்கு அரைக் கட்டை தொலைவில், திருகோணமலையில் வாழ்ந்துகொண்டு கடலை வீட்டுக்குள் கொண்டுவர முயல்வது நகைப்புக்கிடமானதே. ஆயினும் எம்மிடம் கற்போரிற் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். வலையில் ஏறி வருவதை அவர்கள் அறிவர். நீருக்கடியில் உயிரோடிருப்பதைக் கண்டவர் மிகச் சிலர். பாடநூலில் கடல் அனிமனி ஒரு கறுப்புக் கோட்டுப்படம் மாத்திரமே. நாம் தமிழ் கற்பிப்பவர். எனினும் அப்படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விடுவதை எம்மால் பொறுக்க முடியவில்லை.

முதலில் எழுந்த கேள்வி, அது எங்கிருந்து வருவது என்பதே. இலங்கைக் கடலின் அலங்கார மீன்கள் அந்நிய நாட்டு வரவேற்பறைகளுக்கு விமானமேறுகின்றன. அவற்றைப் பிடிக்கக் காற்றுக்கலத்தை முதுகிற் கட்டி இறங்குவோரைப் பற்றி அவ்வறைகளில் எவரும் கேட்பதில்லை. ஆழத்திலிருந்து விரைந்து மேலேறினால் குருதியில் நைதரசன் குமிழியிடும், மூட்டுகள் நோகும், சிலருக்குக் கால்களே முடங்கும். அத்தொழில் செய்து விட்டொழித்த ஒருவர், எம் மாணவன் ஒருவனின் தந்தை, சொன்னார்: “அது பூவில்லை மாஸ்டர், பிடுங்கிறதுக்கு. கல்லை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கும். இழுத்தா அடிப்பக்கம் கிழிஞ்சுபோம். கிழிஞ்சது பிழைக்கிறது அருமை.” வாங்கியவர் வீட்டில் அது இறந்தால், இன்னொன்றுக்காக இன்னொருவர் கடலில் இறங்குவார். சந்தை நடக்கும் விதம் இது.

இது புதிதுமன்று. 1854இல் பிலிப் ஹென்றி கொஸ் என்னும் ஆங்கில இயற்கையியலாளர் கடல்நீர்த் தொட்டி பற்றி எழுதிய நூல், அந்நாட்டு நடுத்தர வகுப்பாரிடையே பெரும் மோகத்தை வளர்த்தது. கரைக்குச் சென்ற கூட்டம் பாறைக் குழிகளை வெறுமையாக்கியது. அந்த அழிவை அவர் மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட தன்வரலாற்றில் துயரத்தோடு பதிந்துள்ளார்.

ஆகவே, கடலிலிருந்து எடுத்ததை வாங்குவதில்லை என்று தீர்மானித்தோம். பரிசக்கொம்புகளின் நுனி சிறு குமிழாகப் பருத்திருக்கும் ஓரினம் உண்டு. அது தானாகவே இரண்டாகப் பிளந்து பெருகும். கொழும்பில் நண்பர் ஒருவரின் தொட்டியில் அவ்வாறு பிளந்த ஒன்றை எமக்கென ஒதுக்கினார். அதைப் பெறுமுன் பதினொரு மாதங்கள் வெறுந்தொட்டியைப் பார்த்திருந்தோம்.

வெறுந்தொட்டி என்பது கண்ணுக்கு மட்டும். முருகைக்கல்லுக்குப் பதிலாகக் குயவரிடம் வாங்கி அடுக்கிய சுட்டமண் துண்டுகளில் பற்றீரியாக்கள் பெருகி, கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றவேண்டும். முதலிரண்டும் பூச்சியமாவதற்குச் சில வாரங்கள் போதும். கடற்சாமந்திக்கு அது போதாது. நீரின் குணம் நாளுக்குநாள் ஆடாது நிற்கவேண்டும். நீரைத் திறந்த கடற்கரையிலிருந்து கலன்களிற் சுமந்தோம். மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவின் நீரை நாம் தொடவில்லை; மாரியில் அங்கே உவர்ப்பு இறங்கிவிடும். சாரடர்த்தி 1.025, வெப்பநிலை 26 பாகை செல்சியஸ் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறையே கொதிக்கும். நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறியைச் சுழலவிட்டால் ஆவியாதலால் ஓரிரு பாகை தணியும். குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரே ஊற்றவேண்டும், உப்பு ஆவியாவதில்லை. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணிநேரம் வரை நீண்டதைக் கண்டவர்களாகையால், மின்கலத்தில் ஓடும் காற்றுப்பம்பி ஒன்றையும் முன்கூட்டியே வாங்கிவைத்தோம்.

இரவுப் பேருந்தில் ரெஜிபோம் பெட்டியொன்றில் அது வந்து சேர்ந்தது. பார்வைக்குச் சுருங்கிய தசைக்கட்டி. பையிலிருந்த நீரோடு எமது நீரைச் சொட்டுச்சொட்டாக ஒன்றரை மணிநேரம் கலந்தோம். விளக்கை அணைத்து, ஓட்டத்தைத் தணித்து, பம்பி நீரிழுக்கும் வாயைக் கடற்பஞ்சால் மூடினோம். இதைச் செய்யாது விடலாகாது: அலையும் கடற்சாமந்தி பம்பியில் அகப்பட்டு அரைபட்டால், தொட்டியிலுள்ள ஏனைய உயிர்களும் சாகக்கூடும். பின் ஓர் இடுக்கின் அருகே பாதம் கீழாக இருத்தினோம்.

இருத்திய இடத்தில் அது இருக்கவில்லை. மறுநாட் காலை பின்புறக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் மணலில். மாணவர் சிலர் மாலையில் வந்து அது நின்ற இடத்தை நாள்தோறும் தாளில் குறித்தனர். “சேர், கையால தூக்கிக் கல்லில வைச்சா என்ன?” என்றாள் ஒரு மாணவி. கையால் பிரித்தால் பாதம் கிழியும் என்பதை அந்த மீனவத் தந்தையின் சொற்களிலேயே கூறினோம். அதற்கு வேண்டியது பாதத்தை ஒளிக்க ஓர் ஆழமான பொந்து, பரிசக்கொம்புகளுக்கு வெளிச்சம், மிதமான ஓட்டம். இம்மூன்றும் கூடும் இடத்தை நாம் அறியோம், அது அறியும். குடியேற்றம் என்ற சொல் எம் மாவட்டத்திற் பாரமான சொல். யார் எங்கே இருப்பதென்பதை மேசையிலிருந்து வரைபவர்கள் அந்தப் பிள்ளைகளின் தாளை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

ஒன்பதாம் நாள் அது இரு மண்துண்டுகளுக்கிடையே நுழைந்தது. பின்னர் நகரவில்லை.

அதன் கபில நிறம் பெரும்பாலும் அதன் இழையங்களில் வாழும் ஒருகல அல்காக்களின் நிறமே. அவை ஒளித்தொகுப்பால் ஆக்குவதில் பெரும்பங்கு அதற்கு உணவாகும். ஆதலால் விளக்கை முதலில் மங்கலாக வைத்து, வாரக்கணக்கிற் சிறிது சிறிதாகக் கூட்டினோம். வெப்பமோ ஒளியோ மிஞ்சினால் அல்காக்கள் வெளியேறும்; உடல் வெளிறும். 1998இல் எம் நாட்டு முருகைக்கற் பாறைகள் பல வெளிறி மடிந்ததும் இக்காரணத்தாலேயே. முதல் வாரம் உணவெதுவும் இடவில்லை. பின்னர் வாரமொருமுறை நகக்கண் அளவு இறால். கழிவை வெளியேற்ற அது சிலவேளை முற்றாகச் சுருங்கும். அதைக் கண்டு பதறத் தேவையில்லை. வாய் பிளந்து, நாற்றமும் எழுந்தால் மட்டுமே உடன் அகற்றவேண்டும்.

வருவோரெல்லாம் கோமாளி மீன் எங்கே என்கின்றனர். அம்மீன் இல்லாமலும் இது வாழும். படம் பார்த்த பழக்கம், வேறென்ன!

ஸ்கொத்லாந்தில் சேர் ஜோன் டல்யெல் 1828இல் கரைப்பாறையிலிருந்து எடுத்த வேறினக் கடற்சாமந்தியொன்று, அவர் 1851இல் மறைந்த பின்னும் கைமாறிக் கைமாறி 1887 வரை கண்ணாடிச் சாடியில் வாழ்ந்தது. எம்முடையது எமக்குப்பின் யாரிடம் செல்லும் என்று மாணவர் இப்போதே பேசிக்கொள்கின்றனர்.

சென்ற மாதம் அது இரண்டாகப் பிளந்தது. ஒன்றை மட்டக்களப்பிலுள்ள ஆசிரிய நண்பருக்குத் தருவதாகச் சொல்லியுள்ளோம். அவருடைய தொட்டிக்கு ஐந்து மாதமே ஆகிறது. வாரந்தோறும் தொலைபேசியில் கேட்கிறார். இன்னும் பொறுங்கள் என்கிறோம்.