இரைச்சலின் வேர்

எனது பழைய ஜப்பானியக் காருக்கு அம்பிளிபயர் பொருத்த வேண்டுமென்ற ஆசை எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆசை தங்கையின் மகனுக்குத்தான். "மாமா, கொழும்பிலயிருந்து யாழ்ப்பாணம் மட்டும் இந்தக் கரகரத்த ஸ்பீக்கரில எப்பிடிப் பாட்டுக் கேக்கிறியள்?" என்று கேட்டுக் கேட்டே என்னைச் சம்மதிக்க வைத்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டிக்கிக்குள் தலையை விட்டபடி கிடந்து, தானே பொருத்தியும் முடித்தான்.

இயந்திரம் நின்றிருக்கும்போது பாட்டு அருமையாகவே கேட்டது. இயக்கியதும் பாட்டுக்குப் பின்னால் மெல்லிய ஊளை ஒன்று கிளம்பியது. அக்சிலரேற்றரை அழுத்த அழுத்த ஊளையின் சுருதியும் ஏறியது; காலை எடுத்தால் இறங்கியது. அந்த ஊளையுடனேயே மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் சென்று திரும்பினேன். வவுனியாவைத் தாண்டுவதற்குள் பாட்டை நிறுத்திவிட்டேன். திரும்பி வந்ததும் மருமகனைக் கடிந்துகொண்டேன். தெரியாத வேலையில் ஏன் கை வைத்தாய் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அதன்பின் வீட்டுப் பக்கம் வருவதையும் குறைத்துக்கொண்டான்.

கடையொன்றில் காட்டினேன். அம்பிளிபயர் பழுது, வேறு வாங்குங்கள் என்றார்கள். இல்லாவிட்டால் இரைச்சலை வடிகட்டும் சிறு பெட்டியொன்றைப் போடலாம் என்றார்கள். கடைசியில் நண்பரொருவர், வாகன மின்வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரிடம் அனுப்பிவைத்தார். அவர் ஊளையைக் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "ஐயா, சத்தத்துக்கு மருந்து வேண்டாம். முதல்ல வருத்தத்தைக் கண்டுபிடிப்பம்."

வானொலிப் பெட்டியிலிருந்து அம்பிளிபயருக்கு வரும் ஒலி வயரை முதலில் கழற்றினார். ஊளை நின்றது. அம்பிளிபயரிலும் ஸ்பீக்கரிலும் பழுதில்லை என்றார். அடுத்து, எனது கைத்தொலைபேசியை அதே இடத்தில் நேரடியாக இணைத்தார். பாட்டுச் சுத்தமாகக் கேட்டது. தொலைபேசிக்குத் தனிப் பற்றறி. காரின் உடலோடு அதற்குத் தொடர்பில்லை. ஆகவே வானொலிப் பெட்டியும் அம்பிளிபயரும் இணையும்போதுதான் நோய் பிறக்கிறது.

பிறகு மீற்றரை எடுத்தார். இயந்திரம் ஓட, பாட்டு ஒலிக்க, அம்பிளிபயரின் நில இணைப்புக்கும் பற்றறியின் மறைமுனைக்கும் இடையே அளந்தார். அரை வோல்ற்றுக்கும் மேல் காட்டியது. ஏறக்குறையப் பூச்சியமாக இருக்க வேண்டிய இடம் அது. நில வயரை மருமகன் டிக்கியின் தகட்டில் ஆணியால் இறுக்கியிருந்தான். ஆனால் தகட்டின் நிறப்பூச்சைச் சுரண்டவில்லை. இரும்போடு இரும்பு தொடவில்லை. வானொலிப் பெட்டி முன்னால் ஒரு நிலத்தையும், அம்பிளிபயர் பின்னால் இன்னொரு நிலத்தையும் நம்பியிருந்தன. அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டோடு, காரின் மின்பிறப்பாக்கி உண்டாக்கும் சிற்றலைகளும் ஒலி வயரில் ஏறி, பாட்டோடு சேர்ந்து பெருகின. மணல்தாளால் பூச்சை உரசி, பளபளத்த இரும்பில் வயரை இறுக்கினார். ஊளை ஓய்ந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமற்போனது. உலர் பற்றறிகளும் தடைப் பட்டியலில் இருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். அண்ணன் சுற்றுவார், நான் 'தமிழோசை'ச் செய்தியைக் குறிப்பெடுப்பேன். அவர் சுற்றும் வேகத்தோடு ஓர் இரைச்சலும் ஏறி இறங்கும். காரின் மின்பிறப்பாக்கி அந்த டைனமோவின் மூத்த உறவுதான். செய்தியின் மூலத்தைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவன், ஓர் இரைச்சலின் மூலத்தைத் தேடாமல் பொடியன்மீது பழியைப் போட்டுவிட்டேன்.

வேலை முடிந்ததென்று நினைத்தேன். அவரோ முன் பொனற்றைத் திறந்து, பற்றறியிலிருந்து போகும் தடித்த சிவப்பு வயரைக் காட்டினார். அதில் பியூஸ் இல்லை. இயந்திர அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டுத் துவாரத்தில் இறப்பர் வளையமும் இல்லை. தகட்டின் விளிம்பு வயரின் உறையைப் பாதியளவு அறுத்திருந்தது. முழுதாக அறுத்திருந்தால் பற்றறியின் மின்சாரம் அனைத்தும் காரின் உடலில் பாய்ந்து, வயர் பழுத்துத் தீப்பற்றியிருக்கும். அந்தக் காரில்தான் மகள் பின்னிருக்கையில் உறங்கியபடி வந்தாள். ஊளை மட்டும் இல்லாதிருந்தால் அந்த வயரை எவரும் பார்த்திருக்கப் போவதில்லை. வடிகட்டியை வாங்கிப் பொருத்தியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டோம்.

அவர் அன்றைக்கே சிவப்பு வயரைக் கழற்றிவிட்டார். புதிய வயரும் பியூசும் வாங்கிக்கொண்டு வந்து மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பற்றறியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டுமென்று அந்தப் பெரியவர் சொன்னதையும், நான் அவசரப்பட்டு ஏசியதையும் ஒன்றாகவே சொன்னேன். அன்று மாலையே வந்தான். "சொறி மாமா" என்றான்.

"நானும்தான்" என்றேன்.

பியூசை அவனே பொருத்தினான். இம்முறை நான் பக்கத்தில் நின்று ரோர்ச் லைற் பிடித்தேன்.